மூழ்க மறுத்த இருபது பேர்

படகு கரையைத் தொட்டபோது, காலையில் சாப்பிட்ட ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் ஷால்வினின் வயிற்றில் இல்லை. அவை நடுக்கடலிலேயே மீன்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

"பின்னாடி திரும்பிப் பாரு," என்றாள் தொரிகா. "மீனுங்க இன்னும் வந்துட்டே இருக்கு. உன்னைப் பிரிய மனசில்லை போல."

"துப்பறியத்தான் உங்ககிட்ட வேலைக்குச் சேந்தேன் அக்கா. கடல்ல அன்னதானம் பண்ண இல்ல."

தொரிகா, லௌடோகா நகரப் போலீஸில் சார்ஜென்டாக இருந்து, மேலதிகாரி ஒருவரைத் தூக்கி மீன் தொட்டியில் போட்டதால் வெளியே வந்தவள். ஆறடி உயரம், அதற்கு மேல் அரையடி சுருட்டை முடி. நாடி நகரச் சந்தைக்கு எதிரே மாடியில் அவளுக்கு ஓர் அலுவலகம் இருந்தது. அதன் ஒரே ஊழியன் ஷால்வின். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்த்து, பாதிப் படியில் மறுபடியும் சந்தேகப்படுகிற ரகம். வாய் மட்டும் எதற்கும் சந்தேகப்படாது.

நுகுலாலா தீவு ரிசார்ட்டின் மேலாளர் டாரன் மணலில் ஓடி வந்தார். பிரிஸ்பேன்காரர். தீவுக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. வெயிலில் வெந்து நண்டு நிறத்தில் இருந்தார்.

"அங்க பாருங்க!" என்று கடலைக் காட்டினார்.

கரையோரத் தண்ணீரில் கறுப்பு ரப்பர் உடை போட்ட நாலைந்து பேர் தலைகீழாகப் பாய்ந்துகொண்டிருந்தார்கள். தலை உள்ளே போனது. பின்புறம் போக மறுத்தது. ஒருவர் இரு கைகளிலும் கல்லைப் பிடித்துக்கொண்டு குதித்தார். கல் மட்டும் மூழ்கியது.

"மெல்போர்ன் டைவிங் சங்கம். இருபது பேர். ஆழத்துல இறங்கிப் பவளப்பாறை பாக்க வந்திருக்காங்க. இடுப்புல கட்டுற ஈயக்கட்டி அத்தனையும் நேத்து சாயங்காலத்துலேர்ந்து காணோம். ஈயம் இல்லாம அந்த உடையைப் போட்டா எவனும் மூழ்க மாட்டான்!"

"மனுஷன் மூழ்கலைன்னு புகார் குடுக்குற முதல் ஆள் நீங்கதான் சார்," என்றான் ஷால்வின்.

டாரன் சிரிக்கவில்லை. பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றவனை நோக்கி விரலை நீட்டினார். "இவன்தான் டைவிங் படகு கேப்டன், வைசாகே. சாமானுக்கு இவன்தான் பொறுப்பு. மதியப் படகு கிளம்புறதுக்குள்ள ஈயம் வரணும். வரலைன்னா அதே படகுல இவன் போறான். வேற கேப்டனை வரவழைச்சுக்குவேன்."

வைசாகே தொப்பியின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றினான். தீவின் மறுகோடியில் இருக்கிற நாமாரா ஊர்க்காரன். அந்த ஊரில் பாதிப் பேருக்கு இந்த ரிசார்ட்டில்தான் வேலை. துணி மடிப்பார்கள், இலை பெருக்குவார்கள், தட்டு கழுவுவார்கள். பரீட்சை எழுதி கேப்டன் சீட்டு வாங்கியவன் இவன் ஒருவன்தான். சட்டையில் குத்தியிருந்த பித்தளை நங்கூரம் பளபளத்தது. தினமும் தேய்ப்பான் போல.

"எல்லா இடத்துலயும் தேடிட்டேன் சார்," என்றான் கடைசியில்.

"தேடினது போதும். இனி இவங்க தேடட்டும்," என்று சொல்லிவிட்டு டாரன் போனார்.

*

டைவிங் கொட்டகைக்குக் கதவு இருந்தது, பூட்டு இல்லை. தீவில் பூட்டி வைத்து யாரிடமிருந்து காப்பாற்றுவது?

காற்று உருளைகள் வரிசையாக நின்றன. மூச்சுக் குழாய்கள் கொக்கியில் தொங்கின. முகக் கண்ணாடிகள், கால் துடுப்புகள் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. ஈயம் வைக்கும் மரத்தொட்டி மட்டும் காலி. தொரிகா ஒவ்வொரு உருளையாகத் தட்டிப் பார்த்தாள்.

"நல்ல மனசுக்காரத் திருடன்," என்றாள்.

"நல்ல முதுகுக்காரன்னு சொல்லுங்க. ஈயத்தை விட்டுட்டு ஒரு மூச்சுக் குழாயைத் தூக்கியிருந்தா வேலை சுலபம். இவன் கனமானதாப் பாத்து எடுத்திருக்கான். திருட்டுலயும் உடற்பயிற்சி."

"அதையேதான் நானும் சொல்றேன்," என்றாள். அதற்கு மேல் விளக்கவில்லை. அவள் விளக்காமல் விடுகிற இடங்களில்தான் ஷால்வினுக்குத் தன் மூளையின் மேல் சந்தேகம் வரும்.

கொட்டகைக்கு வெளியே துணி மடிக்கும் பெண்கள் இருவர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"என்னம்மா சிரிப்பு?" என்றாள் தொரிகா.

"எங்களைக் கேக்காதீங்க. பார்ல ரூபேனி இருக்கான், அவனைக் கேளுங்க. அவன் வுனிதோகாக்காரன்!"

ஷால்வினுக்குச் சட்டென்று விளங்கியது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் தெரிகிற தீவு வுனிதோகா. நாமாராவுக்கும் வுனிதோகாவுக்கும் 'தௌவு' முறை. இரண்டு ஊருக்கும் ஆதிதெய்வம் ஒன்று என்பதால் வந்த கேலி உறவு. இவன் அவனுடைய பன்றியைக் கேட்காமல் ஓட்டிக்கொண்டு போகலாம், அவன் இவனுடைய சட்டையைக் கொடியிலிருந்து உருவிப் போட்டுக்கொள்ளலாம், நடுத்தெருவில் வாய்க்கு வந்தபடி திட்டலாம். இழந்தவன் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் அவனுக்குத்தான் மானக்கேடு. மாமன் மச்சான் கேலி எல்லாம் இதன் முன்னால் கைகட்டி நிற்கும்.

"முடிஞ்சது அக்கா," என்றான். "மதியப் படகுக்கு முன்னாடியே ஊருக்குப் போகலாம். ஆனா படகுலதான் போகணுமா?"

*

ரூபேனி பார் மேடையில் இளநீர் சீவிக்கொண்டிருந்தான். வட்ட முகம். காதில் செம்பருத்தி.

"ஆமா, நான்தான்!" என்றான், கேள்வி முடியும் முன்பே. "அந்த வேகாத சேப்பங்கிழங்கு வைசாகேவோட ஈயத்தை எடுத்தது சாட்சாத் நானே! அவன் ஒரு முழுப் பன்றியைச் சுட்டு, கரைச்சுக் குடிக்க மூணு கட்டு யங்கோனா வேரோட வந்து என் முன்னாடி உக்காந்து, முறைப்படி கை தட்டிக் கேக்கட்டும். அப்புறம் யோசிக்கிறேன்."

"அவன் வேலை போகப் போகுது, தெரியுமா?" என்றாள் தொரிகா.

சிரிப்பு அரை விநாடி நின்றது. பிறகு முன்னைவிடப் பெரிதாக வந்தது. "வெள்ளைக்காரர் சும்மா மிரட்டுவாரு. போகாது."

"சரி. எப்படி எடுத்தே?"

"எப்படின்னா... நைசாப் போனேன். ஒரு சாக்குல எல்லாத்தையும் போட்டேன். தோள்ல மாட்டினேன். பாட்டுப் பாடிக்கிட்டே வந்துட்டேன்."

"ஒரே சாக்கா?"

"ஒரே சாக்கு!"

"ஒரே நடையா?"

"ஒரே நடை! நடுவுல ஒரு ஆட்டமும் போட்டேன்."

தொரிகா இளநீரை வாங்கி நிதானமாகக் குடித்தாள். "ரூபேனி, இருபது பேர் ஈயம் ரெண்டு பெரிய பன்றி எடை வரும். அதைத் தோள்ல போட்டு ஆடியிருந்தா இந்நேரம் நீ உன் முட்டி உயரத்துக்குத்தான் இருந்திருப்பே."

ரூபேனி கத்தியைக் கீழே வைத்தான். அக்கம்பக்கம் பார்த்தான். குரல் இறங்கியது.

"அக்கா, காலையில சமையல்கட்டுல எல்லாரும் என் முதுகைத் தட்டி 'பலே ரூபேனி'ன்னாங்க. நான் என்ன பண்றது? என் தௌவுகாரனோட சாமானை வேற எவனோ அடிச்சுட்டுப் போயிட்டான்னு சொல்லவா? எங்க அப்பா என்னை வீட்டுக்குள்ள விடுவாரா?"

"செய்யாத குத்தத்தை ஒத்துக்கிட்டவனை இப்பதான் பாக்குறேன்," என்றான் ஷால்வின். "அதுக்குப் பன்றி வேற கேக்குறான்."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்று ரூபேனி கெஞ்சினான். அவர்கள் நகர்ந்ததும் அவன் குரல் மறுபடி ஓங்கி ஒலித்தது. "மூணு கட்டு பத்தாது, அஞ்சு கட்டு!"

*

கடற்கரையில் மூழ்க முடியாத விருந்தாளிகள் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். வலையின் ஒரு பக்கம் எஃகுக் கம்பம். மறுபக்கம் கோணலான அலையாத்திக் கட்டை. அடியில் சிப்பி ஒட்டியிருந்தது, உச்சியில் காய்ந்த தென்னோலை முடிச்சு ஒன்று காற்றில் சரசரத்தது.

"பெரிய ரிசார்ட்டு, ஒன்றரைக் கம்பம்," என்றான் ஷால்வின்.

பந்து உருண்டு தோட்டக்காரனின் காலடியில் வந்து நின்றது. அவன் குனியவில்லை. இலை பெருக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். விருந்தாளி ஒருவர் ஓடி வந்து தானே எடுத்துப் போனார். தாம்பாளத்தில் பழச்சாறு கொண்டுவந்த பெண்ணும் வலைக்கு நேரே வராமல், சுடுமணலில் பெரிய சுற்றாகச் சுற்றிப் போனாள்.

'இவ்வளவு மரியாதை தெரிஞ்ச ஊர்ல பந்தை எடுத்துத் தர மாட்டேங்கிறாங்களே' என்று ஷால்வின் நினைத்தான். சொல்லலாமா என்று யோசித்தான். அற்ப விஷயமாக இருக்குமோ என்று விட்டுவிட்டான். திரும்பினால், தொரிகா அந்த ஓலை முடிச்சையே பார்த்தபடி நின்றாள். அவள் முகத்தில் கேலி இல்லை.

"வா," என்றாள். "டைவிங் படகைப் பாக்கணும்."

"கரையிலேர்ந்தே பாக்கலாமே?"

"ஏறிப் பாரு."

துறையில் இரண்டு படகுகள் கட்டியிருந்தன. ஒரே அச்சில் செய்தவை. ஒன்று அவர்கள் வந்தது, மற்றது வைசாகேயுடைய டைவிங் படகு. ஷால்வின் கண்ணை மூடிக்கொண்டு டைவிங் படகில் இறங்கினான். பலகையில் உட்கார்ந்தான். வாயைப் பொத்தினான். வயிறு புரளுவதற்காகக் காத்திருந்தான்.

புரளவில்லை.

வயிறு காலி, அதனால்தான் என்று தோன்றியது. ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் அவனால் சும்மா இருக்க முடியாது. எழுந்து பக்கத்துப் படகுக்குத் தாவினான். அடுத்த அலையிலேயே தொண்டை வரை வந்தது. மறுபடி டைவிங் படகுக்கு வந்தான், அமைதி. திரும்பவும் அந்தப் படகு, உவ்வே. திரும்பவும் இது, சுகம்.

"என்னடா, குரங்கு மாதிரி தாவிட்டே இருக்கே?" என்றாள் தொரிகா.

"அக்கா, இந்தப் படகு ஆட மாட்டேங்குது! அதே கடல், அதே அலை. அது தொட்டில், இது கட்டில். ஏதோ கனமா இதுக்குள்ள..." வாக்கியத்தை முடிக்காமல் குனிந்தான். பக்கவாட்டில் அடித்திருந்த நீலக் கோடு, அந்தப் படகில் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. இந்தப் படகில் தண்ணீருக்குள் இருந்தது.

தொரிகா தரைப்பலகையைப் பெயர்த்தாள். கீழே சாக்குத்துணியில் பொதிந்து, இடமும் வலமும் சரிசமமாக, ஈயக்கட்டிகள் அடுக்கியிருந்தன. அவசரத்தில் போட்டவை அல்ல. படகு ஒரு பக்கம் சாயக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வைத்தவை.

"மோப்ப நாய் வெச்சிருக்குறவங்களைப் பாத்திருக்கேன்," என்றாள். "வயிறு வெச்சுக் கண்டுபிடிக்கிறவன் என்கிட்டதான் இருக்கான்."

துறைப்பலகை கிரீச்சிட்டது. வைசாகே நின்றுகொண்டிருந்தான்.

*

"உக்காரு," என்றாள் தொரிகா. "கொட்டகையைப் பாத்ததுமே உன்மேலதான் சந்தேகம். மூச்சுக் குழாயில கை வெச்சிருந்தா எவனாவது அரைகுறையா மாட்டிக்கிட்டு இறங்கிச் செத்திருப்பான். ஈயம் இல்லைன்னா மிதப்பான், அவ்வளவுதான். திருடும்போதும் விருந்தாளி உயிரை நினைக்கிறவன் கேப்டனா மட்டும்தான் இருப்பான். ரூபேனி தானா முன்வந்து பழியை வாங்கிக்குவான்னும் உனக்குத் தெரியும்."

"வாங்கிக்குவான்னு தெரியும். பன்றி கேப்பான்னு நினைக்கல," என்றான் வைசாகே. சிரிக்க முயன்றான், முடியவில்லை. "என் பெரியப்பா போன மாசம் செத்துட்டாரு அக்கா. நாமாராவோட மீன்பிடிக்குத் தலைவர். அவர் துக்கத்துக்காக எங்க பவளப்பாறையை மூடியிருக்கோம். நூறு ராத்திரி முடியுற வரைக்கும் அங்க வலை போடக் கூடாது, காலும் படக் கூடாது. என் சித்தப்பாதான் ஊர்த்தலைவர். அவரே போய் அங்க அடையாளமா ஓலை கட்டிக் கம்பு நட்டாரு."

"மேலாளர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'கம்பு எதுவும் அங்க இல்லையே'ன்னாரு. இருபது பேரைக் கூட்டிட்டுப் போ, இல்லை வேலையை விடுன்னாரு. போனா ஊர்ல நான் முகம் காட்ட முடியாது. போகலைன்னா இதைக் கழட்டிக் குடுக்கணும்." பித்தளை நங்கூரத்தைத் தொட்டான். "சங்கத்துக்காரங்க ஊருக்குக் கிளம்புற வரைக்கும் ஒளிச்சு வெச்சுட்டு, அப்புறம் தொட்டியில திருப்பிப் போட்டுடலாம்னு பாத்தேன்."

"கம்பு எங்க போச்சு?" என்றான் ஷால்வின். கேட்ட அந்த நொடியே அவனுக்குப் பதில் தெரிந்துவிட்டது. "ஐயோ. கைப்பந்துக் கம்பம்!"

வைசாகே தலையைக் குனிந்துகொண்டான். "எங்க எல்லாருக்கும் தெரியும். பாக்காத மாதிரி நடக்குறோம். நட்டவரைத் தவிர எங்க ஆளுங்க யாரும் அதைத் தொடக் கூடாது. சித்தப்பா காதுக்குப் போச்சுன்னா கடற்கரைக் குத்தகையை அன்னைக்கே முறிச்சுடுவாரு. ஊரே வேலை இல்லாம நிக்கும். அதான் யாரும் வாயைத் திறக்கல."

"முறிக்காம இருக்க வழி இருக்கா?"

"தப்பு பண்ணவரே வந்து தரையில உக்காந்து மன்னிப்புக் கேட்டா சித்தப்பா ஏத்துப்பாரு. கேக்குறவரைத் தள்ளிவிடுறது எங்க வழக்கம் இல்ல. ஆனா அவரை யாரு வரச் சொல்றது?"

தொரிகா எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "என்னைக் கூலிக்குக் கூப்பிட்டவர். நானே சொல்றேன்."

*

டாரன் அலுவலகத்தில் மின்விசிறிக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தார்.

"ஈயம் கிடைச்சது," என்றாள் தொரிகா.

துள்ளி எழுந்தார். "எங்க? திருடன் யாரு?"

"ஈயம் திருடே போகல. படகுலதான் இருக்கு. கேப்டன் ஏத்தி வெச்சிருக்காரு. படகுல சாமான் ஏத்துறது கேப்டன் வேலைதானே? எல்லா இடத்துலயும் தேடியிருக்காங்க, படகைத் தவிர."

ஷால்வின் கூரையைப் பார்த்தான். இதில் ஒரு சொல்லாவது பொய்யா என்று யோசித்துப் பார்த்தான். இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஆனா இந்தத் தீவுல வேற ஒரு திருட்டு நடந்திருக்கு," என்றாள் தொரிகா. "கடல்லேர்ந்து ஒரு கம்பைப் பிடுங்கியிருக்காங்க. அந்தத் திருடன் கிடைச்சுட்டான்."

டாரன் மின்விசிறியை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"அது... வெறும் கட்டை," என்றார் டாரன். "தண்ணி ஸ்கூட்டர் ஓட்டுற விருந்தாளிங்க மோதிடுவாங்கன்னுதான் எடுத்தேன். வலைக்கு ஒரு கம்பம் குறைஞ்சுது."

"வைசாகே உங்ககிட்ட துக்கம்னு சொன்னாரா இல்லையா?"

டாரனின் நண்டு நிறம் இன்னும் ஒரு படி ஏறியது.

"அந்தக் கட்டையை நட்டவர் நாமாரா தலைவர். நீங்க நிக்குற மணல் அவங்களோடது. இதுவரைக்கும் அவர் காதுக்குப் போகல. போகாம இருக்கறதுக்கு உங்க ஆளுங்க சுடுமணல்ல சுத்திச் சுத்தி நடக்குறாங்க."

டாரன் நாற்காலியில் சரிந்தார். "இப்பவே கொண்டுபோய் அதே இடத்துல நட்டுடறேன்."

"நடுறது அவர் வேலை. எடுத்துட்டுப் போறது உங்க வேலை. ஊருக்குள்ள போய், தரையில உக்காந்து, யங்கோனா வேர் வெச்சு மன்னிப்புக் கேக்கணும். நீங்களா பேச முடியாது. உங்களுக்காகப் பேச அந்த ஊர்ல பிறந்தவன் ஒருத்தன், தலைவர் மதிக்கிற ஆளா வேணும்."

"யாரு இருக்கா?"

"ஒருத்தர் இருக்காரு," என்றான் ஷால்வின். "ஆனா அவரை மதியப் படகுல அனுப்பப் போறதா யாரோ சொன்னாங்க சார்."

டாரன் ஜன்னல் வழியே துறையைப் பார்த்தார். வைசாகே படகில் நின்று கயிறு சுருட்டிக்கொண்டிருந்தான்.

"கோபத்துல ஒரு பேச்சுக்குச் சொன்னது அது," என்றார்.

"எழுத்துல நாங்க கேக்கல," என்றாள் தொரிகா. "அவர்கிட்ட வாயால சொல்லுங்க போதும்."

"அந்த இருபது பேர்? அவங்களை எங்க இறக்குறது?"

தொரிகா முதன்முறையாகப் பல் தெரியச் சிரித்தாள். "கால்வாய்க்கு அந்தப் பக்கம் வுனிதோகா பாறை. உங்க பாறையைவிட அழகு. அது ரூபேனி குடும்பத்தோட பாறை. தௌவுகாரன் சொத்தை வைசாகே கேக்காமலே எடுத்துக்கலாம்."

*

செய்தி பாருக்குப் போய்ச் சேர்ந்ததும் ரூபேனி கத்தியோடு துறைக்கு ஓடி வந்தான். அதற்குள் விருந்தாளிகள் ஈயம் கட்டிக்கொண்டு படகில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க தாத்தா பாறைடா அது! அழுகல் மீன் மண்டையா!"

"உங்க தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு," என்றான் வைசாகே. "அங்க இருக்குற ஆமையில பெரிசுக்கு இன்னைக்கு உன் பேரை வெக்கப் போறேன்."

ரூபேனியின் முகம் சிவந்தது. மூக்கு விடைத்தது. துறையில் நின்ற அத்தனை பேரும் அவன் கோபப்படுவானா என்று பார்த்தார்கள். அவன் ஒரு பெருமூச்சை உள்ளே இழுத்து, அதைச் சிரிப்பாக வெளியே விட்டான். வேறு வழியில்லை. பிறகு தானும் படகில் குதித்தான். "வழி தெரியாம நீ இடிச்சுடுவே. தள்ளு!"

படகு முதலில் நாமாராவுக்குப் போனது. ஊர்க்கரை கண்ணில் பட்டதும் விருந்தாளிகளின் பேச்சு தானாகவே அடங்கியது. டாரன் முன்பலகையில் உட்கார்ந்திருந்தார். தலையில் வெயில் தொப்பி. இடுப்பில் யாரோ கொடுத்த பூப்போட்ட வேட்டி. மடியில் யங்கோனா வேர்க்கட்டு. குறுக்கே அந்தக் கட்டை. முன்பே சொல்லி அனுப்பியிருந்தபடி கரையில் பெரியவர்கள் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள்.

"கேப்டன்," என்றார் டாரன். "அங்க போனதும் நான் முதல்ல என்ன சொல்லணும்?"

வைசாகே எஞ்சினை அணைத்தான். படகு அலையின் போக்கில் மணலை நோக்கி மெதுவாக நகர்ந்தது.

"நீங்க எதுவும் சொல்லக் கூடாது சார். உக்காரணும். பேசப் போறது நான்." கரையை ஒருமுறை பார்த்தான். "தொப்பியைக் கழட்டுங்க."

டாரன் கழற்றினார்.